ஆவியில் மூலக்கூறின் முனைவும் ஆரியசாலைச் சுக்கும்

(உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரம் ஆரியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெரு, திவான் இராஜா கேசவதாசின் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. சுக்கும் மிளகும் மஞ்சளும் அங்கே எடைக்கு விலைபோகின்றன. அத்தகைய சரக்கே ஆலையில் ஓலியோரெசின் என்னும் கெட்டிச் சாறாக மாறும்போது மதிப்பு உயருகிறது.

அச்சாற்றை இறக்கப் பயன்பட்டு வந்த கரைப்பான்களுள் ஒன்று எத்திலீன் டைகுளோரைடு. வேதியியலார் அதனை 1,2-டைகுளோரோஈத்தேன் என்பர். வெப்பநிலை ஆவியிலுள்ள கரிம மூலக்கூறின் முனைவுத் தன்மையை எவ்வாறு மாற்றும் என்பதற்குப் பாடநூல்கள் காட்டும் சான்றும் இதுவேயாகும்.

மூலக்கூறின் ஒருபுறம் நேர்மின்னூட்டமும் மறுபுறம் எதிர்மின்னூட்டமும் சற்று மிகுந்திருப்பதே முனைவு. மின்புலம் மூலக்கூறுகளை ஒரே திசையில் நிறுத்த முயல்கிறது. வெப்பம் அவற்றைக் கலைக்கிறது. இதனைப் பீட்டர் டெபாய் 1912-இல் கணக்கிட்டுக் காட்டினார். குளோரோமீத்தேன் போன்ற விறைப்பான மூலக்கூறில் வெப்பம் ஏறினால் வரிசைதான் குலைகிறது. ஒவ்வொன்றின் முனைவும் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

டைகுளோரோஈத்தேனின் இயல்பு வேறு. அதன் இரு குளோரின் அணுக்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கையில் முனைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நடுப்பிணைப்புத் திருகிக்கொண்டால் அழிவதில்லை. ஆவியில் எதிரெதிர் நிலைக்கே ஆற்றல் குறைவு; எனவே குளிர்ச்சியில் அதுவே மிகுதி. வெப்பம் ஏற ஏறத் திருகிய மூலக்கூறுகளின் விகிதம் பெருகுகிறது. சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 1.1 டெபாய் அலகாக இருக்கும் சராசரி முனைவு, 270 பாகை செல்சியசை நெருங்குகையில் 1.5 அளவுக்கு உயர்கிறது. 1928-இல் கண்டறியப்பட்ட இராமன் விளைவைக் கொண்டே ஜப்பானிய அறிஞர் மிசுஷிமா இவ்விரு வடிவங்களையும் பின்னர் ஆராய்ந்தார். இந்தியக் கண்டுபிடிப்பு அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் பயன்தந்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

திரவத்திலோ, அண்டை மூலக்கூறுகளின் ஈர்ப்பினால் திருகிய வடிவம் வலுப்பெறுகிறது. ஆகவே இக்கரைப்பான் திரவமாக இருக்கையில் முனைவு மிகுந்தும், ஆவியாகிப் பிரிகையில் குறைந்தும் இருக்கிறது. இஞ்சியின் காரப்பொருளைக் கரைக்க முந்தைய நிலை துணைசெய்கிறது. கொதிநிலை சுமார் 83 பாகையாதலால் பெரும்பகுதியை ஆவியாக்கி மீட்டுவிடலாம். எஞ்சும் சிறுபகுதியே சிக்கல். அமெரிக்க விதிப்படி மசாலா ஓலியோரெசினில் குளோரின் கரைப்பான்களின் எச்சம் மொத்தத்தில் பத்து இலட்சத்தில் 30 பங்கைத் தாண்டலாகாது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையில் இப்பொருள் வைக்கப்பட்டுள்ளது. ஆவியைச் சுவாசிப்பவர் ஆலைத் தொழிலாளர். ஏற்றுமதி விதியோ சாற்றின் எச்சத்தை மட்டுமே அளக்கிறது.

அசிட்டோன், எத்தில் அசிட்டேட் முதலியவற்றுக்கு மாறுவது பெரிய ஆலைக்கு எளிது. சிறு உற்பத்தியாளருக்குக் கரைப்பானின் விலையோடு சோதனைச் செலவும் சுமையாகிறது. ஆரியசாலையிலிருந்து சில கிலோமீட்டரில், பாப்பனங்கோட்டில், 1975-இல் தொடங்கிய மண்டல ஆராய்ச்சிக்கூடம் இன்று தேசிய நிறுவனமாக வளர்ந்துள்ளது. இத்தகைய பொது ஆய்வுக்கூடங்களில் சிறு உற்பத்தியாளரின் மாதிரிகளைக் குறைந்த கட்டணத்தில் சோதிக்க வழிசெய்தால், கடைத்தெருவின் சுக்குக்கும் அயல்நாட்டுச் சந்தைக்கும் இடையிலுள்ள செலவு கணிசமாகக் குறையும்.