வைத்தியனுடைய தகுதி மார்க்கில் இருக்கிறதா?

(இராயப்பன்பட்டியில் பேசிய பேச்சின் சாரம்)



நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்த் திராட்சைப் பந்தலில் கவாத்துக்கு ஆள் கூப்பிடுகிறீர்கள். வருகிறவனைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேள்வித்தாள் கொடுப்பதுண்டா? ஒரு வரிசையை வெட்டச் சொல்லிப் பார்க்கிறீர்கள். போன தடவை இவன் வெட்டின தோட்டத்தில் குலை எப்படி வந்தது என்று விசாரிக்கிறீர்கள். வெட்டி நாலு மாதம் கழித்தல்லவா இலட்சணம் தெரியும்! (முன்னால் இருக்கும் பெரியவர் சிரிக்கிறார். எத்தனை பேரிடம் ஏமாந்தாரோ!)

கொடிக்கு இவ்வளவு விசாரணை. மனித உயிருக்கோ? இங்கிருந்து ஆபத்தான கேசை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், நடுச்சாமத்தில் நம்மைத் தொட்டுப் பார்க்கிறவர் அநேகமாய் எம்.டி., எம்.எஸ். மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்தான். அவரைப் பொறுக்குவது "நீட் பி.ஜி." என்கிற பரீட்சை. 200 கேள்வி, சரியானால் 4 மார்க், தப்பானால் 1 கழிவு, மொத்தம் 800. நோயாளி ஒருவர்கூடக் கண்ணில் படமாட்டார்.

பரீட்சையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மருந்தின் பெயர் தெரியாதவன் வைத்தியனாக முடியாது. ஆனால் இதுதான் தகுதி, இதைத் தொட்டால் வைத்தியமே நாசமாய்ப் போகும் என்று நம் பிள்ளைகளின் இடஒதுக்கீட்டைக் கண்டு அலறுகிறார்களே, அவர்களைக் கேட்கிறேன்: 2023 செப்டம்பரில் இடங்கள் காலியாய்க் கிடந்தபோது எல்லா வகுப்பாருக்கும் குறைந்தபட்சத் தகுதியைப் பூஜ்ய பெர்சென்டைலாக இறக்கினார்களே, பூஜ்யத்துக்குக் கீழே மார்க் வாங்கினவருக்கும் கதவு திறந்ததே, அன்று அந்தத் தகுதி எந்த ஊருக்குப் போயிருந்தது?

அப்படியானால் நேரில் பார்த்துப் பொறுக்கலாமே என்பீர்கள். அதிலும் மோசம் உண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டன் வைத்தியக் கல்லூரியில் 1979ல் சுமார் 800 பேரை நேரில் விசாரித்து வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களில் 150 பேரைச் சேர்த்தார்கள். பிறகு சட்டசபை இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லிற்று. மிச்சமிருந்தவர்கள் வரிசையின் அடிமட்டத்தார்; அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். படிப்பு முடிந்து முதல் வருஷ ஆஸ்பத்திரி வேலையும் பார்த்த பின் ஒப்பிட்டால், இரு கூட்டத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் ஒன்றுமில்லை! பெரிய பெரிய புரொபசர்களின் கணிப்பு சோசியன் கணிப்பாய்ப் போயிற்று. நம் நாட்டிலோ நாற்காலிக்காரர் எந்த ஊர், எந்தத் தெரு, தகப்பனார் பேர் என்ன என்று ஆரம்பித்தால் முடிவு முன்பே எழுதியாயிற்று. கானடாவில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் பல அறை, அறைக்கொரு பரீட்சகர், எல்லோருக்கும் ஒரே பிரச்சினை என்று வைத்தார்கள். ஒருவர் ஓரவஞ்சனை செய்தாலும் மற்றவர் மார்க் காப்பாற்றும். பழைய நேர்முகத்தைவிட இது பின்னால் வரும் திறமையை நன்றாய்க் காட்டிற்று.

இன்னொன்று. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 அமெரிக்க டாக்டர்களின் மாணவப் பருவத்துப் பதிவேடுகளைப் புரட்டி 2005ல் வெளியிட்டார்கள். கூடப் படித்து ஒழுங்காய் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அப்போதே பொறுப்பில்லாமை, சொன்னால் திருந்தாமை என்ற குறைகள் எழுதப்பட்டிருந்தது இவர்களிடம்தான் அதிகம். மார்க்குக் குறைவுக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருந்தது. நடத்தைக்கே பெரும் சம்பந்தம்.

ஆகவே வேலையைப் பார்க்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உழைக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்ட் 31ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மலைக்காட்டிலும் எட்டாத ஊர்களிலும் வேலை பார்த்தால் வருஷத்துக்கு 10 சதவிகிதம் வரை, அதிகபட்சம் 30 சதவிகிதம் சலுகை மார்க் என்றும் விதி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் இதுவும் வருஷத்தைத்தான் எண்ணுகிறது. அந்த வருஷத்தில் அவர் இராத்திரி எத்தனை தடவை எழுந்து வந்தார், எத்தனை பிரசவம் பார்த்தார், கைமீறிய கேசைக் காலத்தில் மேலே அனுப்பினாரா என்பதைச் சேர்க்கையில் எண்ணக் காணோம். அதைக் குறித்துவைக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நோட்டுப் புஸ்தகமும், எழுத ஒரு நர்சம்மாவும் போதும்.