பெட்டிக்குள் பெய்யும் மழை
(பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிற்கிறதே, அந்த 20 அடி கன்டெய்னரைப் பற்றித்தான் பேச வந்தேன். நம் வெள்ள நிவாரணப் போர்வை, பாய், அரிசி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அப்படி ஒரு நாளில் பூஞ்சை பிடித்த போர்வையை யாருக்கும் கொடுக்க முடியாது.

போன வாரம் கூரையின் உட்பக்கத்தில் நீர் கோத்திருந்தது. எங்கோ ஓட்டை, எம்சீல் வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள் சிலர். ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு, நடுப்பகலில் உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்தோம். எங்கும் துளி வெளிச்சம் இல்லை. ஆகவே இது மழைத் தண்ணீர் அல்ல.

சூடான இட்லியை ஹாட்பாக்ஸில் மூடினால் மூடியில் நீர் கோக்கும், அதே கதைதான். பகல் வெயிலில் தகடு காய்கிறது. மரத்திலும் அட்டைப்பெட்டியிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. இரவில் தகடு சட்டென்று குளிர, அந்த ஆவி கூரையில் துளித்துச் சொட்டுகிறது. சிப்காட்டில் ஏற்றுமதிப் பிரிவில் இருப்பவர்கள் இதைக் 'கன்டெய்னர் மழை' என்பார்கள்.

எவ்வளவு தண்ணீர் என்கிறீர்களா? பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 30 டிகிரியில் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் அதில் ஒரு லிட்டர்தான் தேறும். ஆனால் 20 கிலோ மரப் பேலட் ஒன்றில், பார்க்கக் காய்ந்திருந்தாலும், 3 லிட்டர் வரை இருக்கலாம். குற்றவாளி காற்றல்ல, பேலட்.

அதனால் முதலில் மரப் பேலட்டை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பேலட் போடுவோம். போர்வைகளை நன்றாக வெயிலில் உலர்த்தி, ஆறிய பிறகு உள்ளே வைப்போம். பக்கவாட்டில் உள்ள சிறு காற்றுத் துளைகளை யாரும் அடைக்க வேண்டாம். பெட்டிக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு ஒரு தகரக் கூரை போட்டால் பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் குறையும். செலவு செய்வதானால் இதற்குத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கால்சியம் குளோரைடு பைகளும் தொங்கவிடலாம். ஆனால் அவை உறிஞ்சிய நீர் உப்பு நீர், இரும்பில் சிந்தினால் துருவேறும். மாதம் ஒருமுறை பார்த்து மாற்ற ஆள் வேண்டும்.

மழை நாளில் 'காற்றாட' என்று திறக்காதீர்கள். வெயில் ஏறி, பெட்டி சூடான பிறகு, இரண்டு கதவையும் விரியத் திறந்து ஒரு மணி நேரம் விடுங்கள். சனிக்கிழமை மதியங்களில் இதைச் செய்ய பிளாக்குக்கு ஒருவர் பெயர் தந்தால் போதும். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும்.