கூலியா, கொடையா?



சாத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கூலிக் கணக்கு நன்றாகத் தெரியும். தீப்பெட்டி ஆபீசில் எத்தனை கட்டை அடுக்கினோமோ அத்தனைக்குத்தான் கூலி. உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. இந்தக் கணக்கையே பல நேரங்களில் நாம் கடவுளிடமும் கொண்டு போகிறோம். எத்தனை நவநாள், எத்தனை செபமாலை, எத்தனை நேர்ச்சை என்று எண்ணி வைத்து, அதற்கேற்பத்தான் அவர் நம்மை ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறோம்.

திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் கூலியைப் பற்றித்தான் பேசுகிறார். உழைத்தவருக்குக் கொடுப்பது கூலி. அது அவருக்குச் சேரவேண்டிய கடன், கொடை ஆகாது. ஆபிரகாமோ கடவுளின் வாக்கை நம்பினார். அதனால் ஏற்புடையவர் ஆனார். தொடக்க நூலில் அந்த நம்பிக்கை 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. விருத்தசேதனக் கட்டளை 17ஆம் அதிகாரத்தில்தான். மோசே வழியாக வந்த திருச்சட்டம் அதற்கும் வெகுகாலத்துக்குப் பின். முதலில் வந்தது கடவுளின் அருள்.

16ஆம் நூற்றாண்டில் திருச்சபை பிளவுபட்டபோது, வாதத்தின் நடுவே நின்ற கேள்விகளுள் இதுவும் ஒன்று. அந்தப் பிளவு நம் மண்ணையும் தொட்டது. கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி லூத்தரன் சபையினரை மறுத்து நூல்கள் எழுதினார். ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பினரும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியைப் பார்த்து அல்ல, தம் அருளாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார். நற்செயல்கள் அந்த அருளின் கனிகள் என்று சேர்ந்து அறிக்கையிட்டார்கள்.

இது அறிஞர்களின் வாதம் மட்டும் அல்ல. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தகைய துயரம் வரும்போது, "என்ன பாவம் செய்தோமோ, எந்த நேர்ச்சை பாக்கியோ" என்று மனம் தன்னையே குற்றம் சாட்டுகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்ட இயேசு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். மனம் மாறும்படி எல்லாரையும் அழைத்தார். பாக்கி வசூலிக்கத் தீயை அனுப்புகிறவர் அல்ல நம் கடவுள்.

அப்படியானால் சட்டம் வேண்டாமா? வேலை முடிந்து வரும் தாய், "நீ இன்றைக்கு எத்தனை கட்டை அடுக்கினாய்?" என்று கேட்டுவிட்டா பிள்ளைக்குச் சோறு போடுகிறாள்? அந்த அன்பை உணர்ந்த பிள்ளை, கூலி கேட்காமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறது. செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்று யாக்கோபு சொல்வதும், நம்பிக்கை அன்பின் வழியாகச் செயல்படுகிறது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுவதும் இதைத்தான்.

அதிகாரி சோதனைக்கு வருவார் என்று பயந்து, அறையில் அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தோ ஆளோ வைக்காமல் இருப்பது ஒன்று. உள்ளே இருப்பவர் நம் சகோதரி என்பதால் அப்படிச் செய்வது வேறொன்று. முதலாவது அதிகாரி போனதும் போய்விடும். இரண்டாவது யாரும் பார்க்காதபோதும் நிற்கும். அதுவே நம்பிக்கையின் கனி.

கணக்கோடு அல்ல, பிள்ளைகளுக்குரிய உரிமையோடு தந்தையிடம் செல்லும் அருளை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.