உத்தியோகமும் அறிமுகமும்
(ஒரு படிப்பக ஆண்டு விழாவில் பேசியது)



படித்துவிட்டு வேலையில்லாமலிருக்கும் வாலிபர்களைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம். பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லையென்றால் பெற்றோர் முதலில் ஜோசியனிடம் ஓடுகின்றார்கள். அவன் சனியின்மேல் பழியைப் போட்டுக் காசை வாங்கிக்கொள்ளுகின்றான். பிறகு ஜாதிக்காரப் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்கின்றார்கள். எந்த இடத்தில் ஆள் தேவை என்கின்ற சேதி இவ்விரண்டு இடத்திலும் கிடைத்ததா என்று கேட்கின்றோம்.

அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த நியூட்டன் என்னும் ஊரில், புதிதாக வேலை மாறிய 282 உத்தியோகஸ்தர்களை மார்க் கிரனோவெட்டர் என்னும் சமூக ஆராய்ச்சிக்காரர் விசாரித்து, 1974-ல் புத்தகம் வெளியிட்டார். அவர்களில் 100-க்கு 56 பேருக்குத் தெரிந்த மனிதர் மூலமாகவே வேலை கிடைத்திருந்தது. அப்படிப் பெற்றவர்களில் அவர் நேரில் விசாரித்தவர்களுக்குள், அடிக்கடி பார்த்துப் பழகுகின்றவரால் பெற்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது காணும் அறிமுகக்காரர்களே.

காரணம் வெகு தெளிவு. நமக்குத் தெரிந்ததுதானே நம் மாமன் மச்சானுக்கும் தெரியும்? ஒரே கிணற்றில் எத்தனை வாளி விட்டாலும் வருவது ஒரே தண்ணீர்தான். தூரத்து அறிமுகக்காரரோ வேறு தெருவில், வேறு தொழிலில், வேறு மனிதரோடு பழகுகின்றவர். நாமும் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்ல. நம் முதல் வேலை உறவினரால் வந்ததல்ல. படிப்பகத்தில் பத்திரிகை வாசிக்க வந்த ஒரு அச்சுக்கூடத்துக்காரர் சொன்ன சேதியால் வந்தது.

"மேல்ஜாதியார் ஜாதியால்தானே உத்தியோகம் பெற்றார்கள்?" என்பீர்கள். வாஸ்தவம். உத்தியோகம் அவர்கள் வட்டத்துக்குள்ளேயே இருந்தது. அக்கதவைத் திறக்கத்தான் சென்னை மாகாணத்தில் 1921-ல் வகுப்புவாரி உத்தரவு வேண்டியதாயிற்று. ஆனால் அது சர்க்கார் உத்தியோகத்துக்கே. தனியார் கம்பெனியின் கதவு இன்றும் பெரும்பாலும் தெரிந்தவருக்கே திறக்கின்றது. ஆதலால் உத்தியோகமில்லாத ஜாதி வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றவன் தன் பிழைப்புக்குத் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுகின்றான்.

வாலிபர்களே! யாரிடமும் பல்லைக் காட்டி வேலை கேட்க வேண்டாம். "இத்தொழிலுக்கு என்ன கற்க வேண்டும்? யாரைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். சேதி கேட்பது பிச்சையல்ல. உங்களுக்கு உதவாத சேதியை அடுத்தவனுக்குச் சொல்லுங்கள்.

வேலையிலிருக்கும் தோழர்களே! உங்கள் ஆபீசில் இடம் காலியானால் மைத்துனன் காதில் மாத்திரம் ஓதாமல், இப்படிப்பகத்துப் பலகையில் யாவரும் காணும்படி எழுதி வைக்கவேண்டுமாய்க் கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.