வீட்டு வண்டியும் உத்தரவாதச் சீட்டும்



கல்யாண் சந்திப்பின் வழியாகச் செல்லும் வண்டியில் அமர்ந்து வெளியே நோக்கினால், ஒதுக்குத் தண்டவாளத்தில் பழைய பெட்டிகள் சில நிற்பதை எப்போதேனும் காணலாம். சன்னற்கம்பியில் சட்டை உலரும். வாயிற்படியில் ஒருவர் அமர்ந்து உருளைக்கிழங்கு அரிந்துகொண்டிருப்பார். இருப்புப்பாதையைச் செப்பனிடுவோர் வேலை நடக்கும் இடத்திற்குத் தம் இருப்பிடத்தையும் உடன் கொண்டு செல்வதற்காக ஏற்பட்ட முகாம் பெட்டிகள் அவை. மின்சார எஞ்சின் பணிமனையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்த எனக்கு, சக்கரத்தின்மேல் அமைந்த வீடு என்றால் அந்தப் பெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். இப்போது மக்கள் கேரவன் என்று வழங்கும் வீட்டு வண்டி அதன் பிறகே வரும்.

கேரவன் என்றதும் நம்மவர்க்குத் திரைப்பட நடிகர்களே தோன்றுகின்றனர். உண்மையில் அது படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை ஆகியவை ஒரு வேனுக்குள் அடங்கியதோர் அமைப்பு, அவ்வளவே. கருத்தும் புதியதன்று. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, கட்டுச்சோற்றுடன் இரவெல்லாம் திருவிழாவுக்குப் பயணம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே நாம்! 1982ஆம் ஆண்டில் என். டி. ராமராவ் ஒரு பழைய செவர்லே வேனை மாற்றியமைத்து, ‘சைதன்ய ரதம்’ எனப் பெயரிட்டு, ஆந்திர நாடெங்கும் அதில் சுற்றுப்பயணம் செய்தார். 2021ஆம் ஆண்டில் கேரள அரசும் மகாராஷ்டிர அரசும் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளையே வகுத்துவிட்டன.

நான் வீட்டு வண்டி வாங்கியது சுற்றுலாவுக்காக அன்று. என் தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து தேறியவர். ஆண்டுக்கொரு முறை அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் ஊருக்குச் சென்று, தாமிரபரணிக் கரையில் என் தந்தையாரின் திதியை நடத்திவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய வேண்டுகோள். ரயில் பெட்டியின் படியை அவரால் ஏற இயலாது. ஓடும் வண்டியின் கழிப்பறையில் கால் ஊன்றி நிற்கவும் இயலாது. விமானத்தில் நெடுநேரம் காலை மடக்கி அமர்வதற்கு மருத்துவர் இசையவில்லை. படுத்தபடியே அவரை அழைத்துச் செல்ல ஒரு வழி தேடினேன். தமிழ்நாட்டில் ஒருவர் இரண்டாண்டு ஓட்டிவிட்டு விற்க முன்வந்த ஒரு வீட்டு வண்டி கிடைத்தது.

வண்டி வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். மெத்தையும் அடுப்பும் பிறகு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக ஒரு வண்டியைத் திருத்தியமைக்கக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே பதின்மூன்று பேர் அமரும் வேனை வாங்கி, இருக்கைகளைப் பெயர்த்தெறிந்து, தெருக்கோடித் தச்சரைக் கொண்டு கட்டில் போட்டுக்கொண்டால் அது சட்டத்தின் கண்ணுக்கு வீட்டு வண்டி ஆகாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பதற்கு அதுவே போதுமான காரணமாகிவிடும். மத்திய அரசு 2004ஆம் ஆண்டிலேயே சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வண்டியைத் தனி வகையாக அறிவித்திருக்கிறது. இத்தகைய வண்டிகளின் அமைப்புக்கு ஏ.ஐ.எஸ். 124 என்னும் தரவிதியும் உண்டு. அத்தரத்தின்படி ஒப்புதல் பெற்ற கூடத்தில் கட்டப்பட்டு, அந்த வகையிலேயே பதிவு பெற்ற வண்டியாக இருத்தல் வேண்டும்.

பிறமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் ஒரு வண்டி பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கே தங்குமாயின், இங்குள்ள பதிவெண்ணைப் பெற்றாக வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே மாநில வரி, பிறகு கல்யாணின் ‘எம்.எச். 05’. ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர் இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்ப்பது நல்லது.

இனி, நான் ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

வாங்கும்போதே நீட்டித்த உத்தரவாதம் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். எக்ஸ்டென்டெட் வாரண்டி என்பார்கள். நான்காண்டு, அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்தியதோ அதுவரை. பளபளப்பான தாளில் அச்சிட்ட சீட்டு. அதை மடிக்காமல் உறையிலிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்தேன். படிக்கவில்லை.

அவ்வாண்டு சூலையில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் வண்டியைக் கிளப்பச் சென்றால் விளக்குகள் எரியவில்லை, எஞ்சினும் அசையவில்லை. கூரையில் காற்றுப்போக்கிக்காக வெட்டிய துளையின் ஓரத்தில் நீர் கசிந்து, சுவரின் உட்புறமாகவே வழிந்து, ஃபியூஸ் பெட்டியை நனைத்திருந்தது. ஊருக்குப் புறப்பட எட்டு நாளே இருந்தன. வண்டியை விற்கும் முகவரிடம் சென்றேன். “கூரையைத் துளைத்தவர்கள் நாங்கள் அல்லர்” என்றனர். பாடி கட்டிய கூடத்தாருக்குத் தொலைபேசினேன். “கூரை எங்களுடையது, ஃபியூஸ் பெட்டி வண்டிக் கம்பெனியினுடையது” என்றனர். உத்தரவாதம் விற்ற நிறுவனத்திடமிருந்து ஐந்து நாட்களில் கடிதம் வந்தது: வண்டியின் மூல அமைப்பு மாற்றப்பட்டிருப்பதாலும், நீர்க்கசிவினால் நேர்ந்த பழுதாதலாலும் உத்தரவாதம் செல்லாது. சீட்டை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது நான்காம் பக்கத்தில் அச்சாகியே இருந்தது!

அவ்வாண்டுத் திதியைக் கல்யாணிலேயே கொடுத்தோம். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்துன்பமாக இருந்தது.

வீட்டு வண்டி என்பது ஒரு பொருள் அன்று. ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்த பல பொருள்கள். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒரு கம்பெனி. கூரைக்கும் சுவருக்கும் வேறொரு கூடம். குளிர்பெட்டி, நீரேற்றி, மின்கலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. ஒவ்வொருவரும் தம் பொருளுக்குப் பொறுப்பேற்பர். ஆனால் பழுது நேர்வது பெரும்பாலும் ஒன்றோடொன்று கூடும் மூட்டுவாயில்தான். அதற்குப் பொறுப்பாளர் எவரும் இல்லை. எஞ்சின் பணிமனையிலும் இப்படித்தான். தனியே சோதித்தால் மோட்டார் நன்றாக இருக்கும், கம்பியும் நன்றாக இருக்கும். இணைப்பு முனையில் கருகியிருக்கும்.

ஆகவே, உத்தரவாதம் விற்பவரிடம் நான் இப்போது கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: “இந்த வண்டி கேரவனாக மாற்றப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும் என்றும், அப்படியும் உத்தரவாதம் செல்லும் என்றும் எழுதித் தருவீர்களா?” வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை. எழுதித் தர மறுப்பாராயின் அந்தப் பணத்தை வங்கியிற் போட்டு வைக்கலாம். பிரேக் கட்டை, கிளட்சுத் தகடு, டயர், மின்கலம் முதலிய தேய்பொருள்களுக்கு இச்சீட்டுகள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. குறித்த காலத்தில், குறித்த பணிமனையில் பழுது பார்த்த ரசீதுகள் இல்லாவிட்டாலும் செல்லாது. முன்னவரிடமிருந்து வாங்கிய வண்டியானால், உத்தரவாதம் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்றப்பட்டதாக எழுத்துச்சான்றும் வேண்டும்.

கணக்கையும் சற்றே பாருங்கள். கல்யாணிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். ஆண்டுக்கு இருமுறை போய்த் திரும்பினால் 6,400. நான்காண்டில் இருபத்தாறாயிரத்தைத் தாண்டாது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்துக் காற்பங்கே ஓடுகிறோம். ஆனால் காலம் மட்டும், வண்டி கொட்டகையில் உறங்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாள்தோறும் ஓடும் வாடகை வண்டிக்கு இச்சீட்டு ஏற்றதாகலாம். நம்மைப் போன்றோர்க்கு அரிதாகவே ஏற்றது என்பது என் கருத்து.

அன்று நான் அறியாத ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருளைத் தமிழ்நாட்டில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்திலேயே முறையிடலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. கல்யாண்வாசிக்குத் தாணா மாவட்ட ஆணையம்; தாராவி, மாட்டுங்கா, செம்பூர்வாசிகளுக்கு மும்பை ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமும் இல்லை. வழக்குக்குரிய காரணம் தோன்றிய இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். 1915 என்னும் எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். ஒன்றை மறக்கலாகாது: வண்டியை வாடகைக்கு விட்டு லாபம் ஈட்டுவோர் பொதுவாக இச்சட்டத்தின் நுகர்வோர் ஆகார். தம் பிழைப்புக்காகத் தாமே தொழில் செய்வோர்க்கு மட்டும் விலக்கு உண்டு. ‘சும்மா நிற்கிறதே, கல்யாணக் கூட்டத்துக்கு விடுவோம்’ என்று எண்ணுகிறவர்கள், அப்போது பதிவு வகையும் காப்பீடும்கூட மாற வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிக்கொள்க.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். மூன்று கடிதங்களுக்குப் பின் கூடத்தார் கூரையைத் தம் செலவில் மூடித் தந்தனர். ஃபியூஸ் பெட்டியின் விலை என்னைச் சேர்ந்தது.

மூடிய கூரை மறு ஆண்டும் கசிந்தது. இம்முறை தாராவியில் தகரவேலை செய்யும் நம்மூர்க்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் உள்ளே ஈரமான இடத்தைப் பார்த்துவிட்டு அங்கே கை வைக்கவே இல்லை. “அண்ணாச்சி, தண்ணி சொட்டுத இடத்துல ஓட்டை இருக்காது, மேட்டுல தேடணும்” என்று சொல்லிக் கூரைமேல் ஏறினார். குழாய் நீரைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக மேலே கொண்டுசென்று, நான் உள்ளே நின்று குரல் கொடுக்க, இரண்டு முழம் தள்ளி ஒரு திருகாணியடியில் வழியைக் கண்டுபிடித்தார். பழைய சிலிக்கான் பசையின்மேல் புதியதை அப்பியிருந்தார்கள். அது ஒட்டவே ஒட்டாது. முழுவதும் சுரண்டி, துடைத்து, உலர்த்தி, பாலியூரித்தேன் பசை இட்டார். இன்றுவரை ஒரு துளி இல்லை. இப்போது ஒவ்வொரு மே மாதமும் அந்தக் குழாய்ச் சோதனையை நானே செய்கிறேன்.

கொங்கணத்து மழையை நம்மூர் மழையோடு ஒப்பிட வேண்டா. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. 2019 சூலையில் வாங்கணிக்கருகே வெள்ளத்தில் மகாலட்சுமி விரைவுவண்டியே சூழப்பட்டு நின்றது. வண்டியை நிறுத்த மேட்டு நிலம் தேடுங்கள். வெள்ளம் சூழ்ந்த வண்டியைக் கிளப்பிப் பார்க்காதீர்கள். எஞ்சினுள் நீர் புகுந்திருந்தால் இணைப்புத்தண்டு வளைந்துபோகும். அந்தச் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை.

எரிவாயுவைப் பற்றியும் ஒரு சொல். சமையல் வாயு காற்றினும் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையிற் படியும். சன்னல் திறந்திருந்தால் போதும் என்பது தவறு. தரையோடு ஒட்டிய காற்றுத்துளை வேண்டும். கசிவு காட்டும் கருவியையும் தாழ்வாகவே பொருத்த வேண்டும். இணைப்பைச் சோப்பு நீரால் சோதியுங்கள், தீக்குச்சியால் அன்று.

வீட்டு மின்கலமும் வண்டி மின்கலமும் வேறு வேறாக இருத்தல் வேண்டும். இன்றேல் இரவு விசிறி சுழன்றதற்குக் காலையில் எஞ்சின் பழிவாங்கும். நூறு ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். நீர்த்தொட்டியில் நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. கண்டாலா மலைச்சரிவில் இறங்கும்போது அந்த நூறும் பிரேக்கின்மேல் ஏறி அமரும். தாழ்ந்த கியரில் இறங்குங்கள். அதிகம் ஓடாத வண்டியின் டயர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். பக்கச்சுவரில் பொறித்த கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள்.

பணிமனையில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. ஓட்டுநர் கண்ட குறையை எழுதுவார். சரிசெய்தவர் எதிரே எழுதிக் கையொப்பமிடுவார். அதேபோல் ஒரு நீளக் குறிப்பேட்டை வண்டியின் முன்னறையில் தொங்கவிட்டிருக்கிறேன். பழுது, தேதி, ஓடிய தொலைவு, செலவு, யார் செய்தது ஆகிய அனைத்தும் அதில் ஏறும். எந்த நிறுவனத்தோடு வாதிடுவதற்கும் அதைவிட நல்ல சாட்சி எனக்கு இல்லை.

கடந்த முறை சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, சேலம் வழியாக நான்கு நாட்களில் ஊர் சேர்ந்தோம். இரவில் ஓட்டவில்லை. தாயார் சன்னலோரம் படுத்தபடியே வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். சேலத்தைத் தாண்டியதும் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, நடுங்கும் கையால் ஒரு வரி எழுதினார்: “படி உயரம்.” திரும்பி வந்ததும் தாராவிக்காரர் கீழே இன்னொரு படியைப் பற்றவைத்துத் தந்தார். எதிரே கையொப்பமும் இட்டிருக்கிறார்.