கோதுமை ஆகாத வீட்டிலும் கொத்துச் சத்தம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன், வசூல் பற்றியெல்லாம் முன்னால் பேசியவங்க சொல்லிட்டாங்க. நாங்கள் கொத்து பரோட்டா பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு எட்டு வயசு. ரெண்டு வருசமா அடிக்கடி வயித்துப்போக்கு, எடை ஏறவில்லை, ரத்தம் குறைவு. பூச்சி மருந்தும் டானிக்கும் கொடுத்துப் பலனில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து, 'சீலியாக்' நோய் என்று டாக்டர் சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிலருடைய உடம்புக்கு ஆகாது. அதைச் சாப்பிட்டால் அவங்க உடம்பே குடலின் உள்பக்கத்தைப் புண்ணாக்கிவிடும். சாப்பாட்டுச் சத்து உடம்பில் சேராது. இதைக் குணமாக்க மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையை நிறுத்தணும், நிறுத்தினால் குடல் ஆறும். வடமாநிலங்களில் இது அதிகம். நம்ம பக்கம் குறைவு என்பதால் சட்டென்று யாருக்கும் தோணுவதில்லை. ஒன்றை ஞாபகம் வைங்க: சந்தேகம் வந்தால் பரிசோதனைக்கு முன்னாடி நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீங்க. நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

நம்ம சாப்பாடு அரிசிதானே, என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் சனிக்கிழமை ராத்திரி வந்தது. அப்பா கூலி வாங்கி வரும் நாள். வாழை இலையில் கட்டிய கொத்து பரோட்டா பார்சல் வரும். எல்லோரும் அதைச் சாப்பிட, இந்தப் பொண்ணுக்கு மட்டும் இட்லி. பார்க்கச் சகிக்காமல் அப்பா பார்சலையே நிறுத்திட்டார். உடனே தம்பி, "எல்லாம் உன்னாலதான்" என்று அக்காவைச் சொல்ல ஆரம்பிச்சான். அந்தப் பிள்ளை தட்டை எடுத்துக்கிட்டுத் திண்ணைக்குப் போயிடுமாம். வாரக் கூட்டத்தில் அவங்க அம்மா இதைச் சொல்லி அழுதபோதுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்தோம்.

பரோட்டா மாவு கிழியாமல் வீச வருவதே அந்தக் குளூட்டன் இருப்பதால்தான். அரிசி மாவை அப்படி வீச முடியாது. ஆனால் கொத்து பரோட்டாவின் ருசி பாதிக்கு மேல் சால்னாவிலும் முட்டையிலும் வெங்காயத்திலும் இருக்கிறது. அதனால் பரோட்டாவை விட்டுவிட்டு இடியாப்பத்தைக் கொத்தினோம்.

நாலு பேருக்கு ரெண்டு டம்ளர் அரிசி மாவில் காலையிலேயே இடியாப்பம் அவித்து, தட்டில் பரப்பி ஆற விடுங்க. சாயந்திரத்துக்குள் இழை விறைத்துவிடும். சூட்டோடு கொத்தினால் உப்புமாதான். கையால் விரல் நீளத்துக்குப் பிய்த்து வைங்க. தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு வெங்காயம் மூணு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தக்காளி ரெண்டு வதக்கி, முட்டை நாலு உடைத்து ஊற்றி, பாதி வெந்ததும் இடியாப்பத்தைப் போடுங்க. மேலே ரெண்டு கரண்டி சால்னா. எவர்சில்வர் டம்ளர் ரெண்டைக் கவிழ்த்துப் பிடித்து லேசாகக் கொத்துங்க. சத்தம் கட்டாயம் வேணும், பிள்ளைங்களுக்குப் பாதி ருசி அதில்தான். மெல்லுகிற பதம் வேண்டுமென்றால் அரிசி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் பிசைந்து ரொட்டியாகச் சுட்டு, நறுக்கி, பாதிக்குப் பாதி சேர்க்கலாம்.

சால்னாவைக் கடையில் வாங்காதீங்க. பரோட்டா தொட்ட கரண்டி அதில் விழுந்திருக்கும். அரை மூடித் தேங்காய், ஒரு கரண்டி பொட்டுக்கடலை, சோம்பு, பட்டை, கிராம்பு அரைத்து ஊற்றினாலே கெட்டியாக வரும்.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்தான் பெரிய தலைவலி. மைதா மரவள்ளிக்கிழங்கு மாவு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை, அது தவிடு நீக்கிய கோதுமைதான். ரவை, சாதாரண சேமியா, பிஸ்கட், பன் எல்லாம் அதே வகை. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், பாக்கெட்டில் படித்துப் பாருங்க. மாவு மில்லில் கோதுமை அரைத்த மிஷினில் அரிசியைப் போட்டால் போச்சு. அரிசிக்குத் தனி மிஷின் இருக்கிற மில்லாகப் பாருங்க. கிடைக்காவிட்டால் அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, வீட்டு மிக்சியில் அரைத்துச் சலியுங்க, சல்லடையும் தனியாக இருக்கணும். பூரிக்கட்டை மாதிரி மரச்சாமானும் தனி. சத்துமாவில் கோதுமை சேர்ப்பதுண்டு, அங்கன்வாடியிலும் சொல்லி வைங்க. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை தாராளமாகக் கொடுக்கலாம், கோதுமை கலக்காமல் சுத்தமாக இருந்தால் போதும்.

இப்போ அந்த வீட்டில் சனிக்கிழமை எல்லோருக்கும் ஒரே கொத்துதான். கொத்துவது தம்பி வேலை. அவன் அக்காவுக்குத்தான் முதல் தட்டாம்.

பின்வரிசையில் ஒரு தூக்கில் செய்து கொண்டு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ருசி பாருங்க. டிபனுக்கு வந்த பூரிக் கரண்டியை மட்டும் அதில் போட்டுடாதீங்க, அந்தப் பொண்ணும் வந்திருக்கு.