எழுத்தும் செவியும்



திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்திருக்கிறார். நூலைக் கல்லாதவனும் கற்றோர் சொல்லைக் கேட்க வேண்டும். தளர்ச்சி வந்த காலத்தில் அந்தக் கேள்வியறிவு அவனைத் தாங்கும் என்பது அவர் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அதிகாரத்தை வகுப்பில் நடத்தியவன் நான். ஆயினும், அதன் பொருளை எனக்கு விளங்க வைத்தவர், படிப்பு வராதவன் என்று நான் ஒதுக்கிய மாணவர் ஒருவரே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் பழுதுபட்டது. அதைச் செப்பனிட வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "ஐயா, ஏழாம் வகுப்பில் உங்களிடம் படித்தவன் நான்" என்று அவர் சொன்ன பிறகே நினைவு வந்தது. 1988ஆம் ஆண்டில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன் அவர். பாடத்தை ஒரு முறை வாயால் சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தை விரித்தாலோ, ஒரு வரியைக் கடப்பதற்குள் வியர்த்துப் போவான். ஆசிரியர் பயிற்சி பெற்றவன் நான். குழந்தை உளவியல் படித்தவன். ஆயினும், "சோம்பேறி, உனக்குப் படிப்பு ஏறாது" என்று வகுப்பின் முன்னே சொன்னேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

புதிய ஸ்டார்ட்டர் பெட்டியோடு வந்த விளக்கத் தாளை அவர் எடுத்தார். சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, கைபேசியை அத்தாளுக்கு மேலே பிடித்தார். அச்சிட்டிருந்ததைக் கைபேசி நிதானமாக வாசித்தது. அவர் கேட்டார், கம்பிகளை உரிய இடங்களில் பூட்டினார், மோட்டார் ஓடிற்று. நான் பார்த்துக்கொண்டிருப்பதை அறிந்து, "இத்தனை காலமாக யாராவது தாளை நீட்டினால், கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன், ஐயா. என் மகள்தான் இதைச் சொல்லிக் கொடுத்தாள்" என்றார். அவர் குரலில் குறை ஏதும் இல்லை. நான்தான் தலைகுனிந்து நின்றேன்.

இவருக்கு இருப்பது என்ன? டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடாகவே இருக்க வேண்டும். அது சோம்பலும் அன்று; அறிவுக் குறைவும் அன்று; கண்ணின் கோளாறும் அன்று. எழுத்தையும் அதற்குரிய ஒலியையும் விரைந்து இணைப்பதில் மூளைக்கு உண்டாகும் இடர்ப்பாடு அது. 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். முதலில் ஒரு கொம்பு, பிறகு ககரம், இறுதியில் ஒரு கால். நாம் ஒலிப்பதோ ககரத்தை முதலில், உயிரொலி பின்னர். நமக்கு இது நொடியில் கைவந்துவிடுகிறது. அவருக்கோ ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு படி. வயது ஏறினாலும் இந்த இடர்ப்பாடு முற்றிலும் மறைந்துவிடுவதில்லை.

இது புதிதாகக் கண்ட செய்தியும் அன்று. 1896ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்து நாட்டு மருத்துவர் பிரிங்கிள் மார்கன் என்பவர், வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே மிகக் கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதாக அதில் குறித்துள்ளார். அந்த ஆசிரியர் 1896இல் கண்டதை நான் 1988இல் காணத் தவறினேன்.

இன்றுள்ள கருவிகள் அந்த வாய்மொழிப் பாடத்தை எவருக்கும் எந்நேரமும் தர வல்லவை. அச்செழுத்தைப் பார்த்து உரக்கப் படிக்கும் இயந்திரத்தை அமெரிக்கரான ரே கர்ஸ்வைல் 1976இல் பார்வையற்றோர்க்காக வெளியிட்டார். அது பெரிய இயந்திரம், விலையும் மிகுதி. இன்று அந்த ஆற்றல் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. கைபேசி தாளைப் படம் பிடிக்கிறது. எழுத்துகளின் வடிவத்தை இனங்காணுகிறது. பின்னர் அவற்றைப் பேச்சாக மாற்றுகிறது. வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். வாசிக்கும் சொல்லுக்கு வண்ணமிட்டுக் காட்டும் வசதியும் சிலவற்றில் உண்டு. அதனால் கண்ணும் செவியும் சேர்ந்து பழகுகின்றன. எழுதத் தயங்குபவர் வாயால் சொன்னால், கைபேசி எழுதிக் கொடுக்கிறது.

கருவி தவறு செய்யாதா? செய்யும். மங்கிய அச்சும் கையெழுத்தும் அதனைக் குழப்பும். வாயால் சொன்ன பழம், எழுத்தில் பலமாகிவிடவும் கூடும். ஆகவே மருந்தின் அளவு, வங்கித் தாள், கையொப்பமிடும் பத்திரம் ஆகியவற்றை நம்பிக்கைக்குரிய ஒருவர் மறுமுறை சரிபார்த்தல் வேண்டும். ஆனால், குறையுள்ளது என்பதற்காகக் கருவியையே தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது.

"கேட்டுப் படிப்பதும் ஒரு படிப்பா? அது ஏமாற்று அன்றோ?" என்று சிலர் கேட்கலாம். கண்ணாடி அணிந்து படிப்பவரை நாம் ஏமாற்றுக்காரர் என்கிறோமா? நம் நாட்டின் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் கூறப்பட்ட 7 வகைக் குறைபாடுகளில் இது இடம்பெறவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகைகளைக் கூறி, அவற்றுள் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. இன்று பள்ளியில் பயிலும் குழந்தைக்கு அதனால் தேர்வில் சலுகை கிடைக்கிறது. ஆனால் பள்ளியை விட்டு முன்னரே வெளியேறியவருக்கு யார் துணை?

நீங்களே துணை, மாணவ நண்பர்களே! கருவி கடையில் கிடைக்கும். கூச்சத்தைப் போக்கும் மருந்து கடையில் கிடைக்காது. அந்த மோட்டார்க்காரருக்குக் கைபேசி பல ஆண்டுகளாகக் கையில் இருந்தது. மகள் அருகில் அமர்ந்த நாளில்தான் அது படிக்கத் தொடங்கிற்று. உங்கள் வீட்டிலும் தெருவிலும், தாளை நீட்டினால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்பவர் இருக்கலாம். அவரைப் பலர் முன் கேள்வி கேட்காதீர்கள், சிரிக்காதீர்கள். ஒரு மாலைப் பொழுதில் தனியே உடன் அமர்ந்து, அவருக்கு வேண்டிய தாள் ஒன்றைக் கைபேசி படிப்பதைக் கேட்கச் செய்யுங்கள். மறுநாள் அவரே செய்யட்டும். ஆசிரியனாகிய நான் செய்யத் தவறியதை, மாணவராகிய நீங்கள் செய்ய முடியும்.